தடவிப் பார்த்தால்தான் நம்புவார்

முகத்தைப் பார்த்து ஆளை நம்பாத மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் கோவில்பட்டியில் எங்கள் கல்லூரி அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தார். பெயர் கேட்டால் எங்கள் செட்டில் ஒருவனுக்கும் தெரியாது. தடவல் அண்ணாச்சி, அவ்வளவுதான். தம் கல்யாணப் பத்திரிகையையே சீல் இல்லையென்று திருப்பிக் கொடுத்தவர் என்று சத்தியம் பண்ணுவார்கள்.

தொண்ணூறுகளில் எங்கள் அடையாள அட்டைக்கு இரண்டு காவல். போட்டோவில் பாதி, அட்டையில் பாதியாக விழுந்த ஊதா மை சீல் ஒன்று. மையே இல்லாமல் இரும்பு மெஷினில் அழுத்திப் புடைக்க வைத்த முத்திரை இன்னொன்று. பரீட்சை ஹால் வாசலில் அண்ணாச்சி உட்கார்ந்து, எச்சில் தொட்டு மையைத் தேய்ப்பார். பிறகு கண்ணை மூடிப் புடைப்பைத் தடவுவார். ஸ்கெட்ச் பேனாவில் சீல் வரைந்து வந்த ஒருவன், அட்டையில் ஊதா ஆறு ஓடுவதைப் பார்த்து அப்படியே பஸ் ஏறிவிட்டான்.

எனக்குக் கடைசி வருஷம், கடைசிப் பேப்பர். பெயிலானால் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கச் சேர்த்துவிடுவதாக அப்பா சொல்லியிருந்தார்; சொன்னால் செய்கிற ஆள். வியர்வையில் அட்டை நமுத்துவிட்டதே, கிழிந்து தொலைத்தால் என்ன செய்வது என்று பயந்து, முந்தின நாள் பஸ் ஸ்டாண்டு கடையில் லேமினேஷன் பண்ணினேன். பளபளவென்று வந்தது. நானும் புத்திசாலிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் அண்ணாச்சி தடவினார். மறுபடியும் தடவினார். சூடான உருளைக்குள் போய் வந்த முத்திரை, இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி தட்டையாகியிருந்தது. மணி வேறு அடித்துவிட்டார்கள்.

“அண்ணாச்சி, மூணு வருசமா என்னையப் பாக்குதீங்கல்லா?”

“ஒன்னைய எனக்குத் தெரியும்ல. இந்த அட்டையத்தான் தெரியல. இங்கனயே நில்லு.”

சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். பாவி மனுஷன்! பரீட்சை நேரத்தில் அவர் வாசலை விட்டு நகர்ந்ததை அதுவரை யாரும் பார்த்ததில்லை. பிரின்சிபாலைத்தான் கூட்டிவரப் போகிறார், நாளையிலிருந்து தீப்பெட்டிதான் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால், பிள்ளையைத் தூக்குவது போல அந்த இரும்பு மெஷினை இடுப்பில் வைத்துக்கொண்டு வெயிலில் ஓடி வருகிறார். ஆள் கண்முன் இல்லாமல் அவர் முத்திரை போடமாட்டார். மணி அடித்தபின் நான் வாசலை விட்டு நகரவும் கூடாது. ஆகவே மெஷின் வந்தது. பெஞ்சில் வைத்து, அட்டையைச் சொருகி, கைப்பிடியில் முழு உடம்போடு தொங்கினார். பிளாஸ்டிக் நொறுங்கியது. கண்ணை மூடித் தடவினார்.

“ம். இப்ப நீதாம்ல. உள்ள போ.”

போன பத்து நிமிஷத்தைச் சூப்பர்வைசரிடம் வாதாடி எனக்கு வாங்கித் தந்தபிறகுதான் வாசலுக்குத் திரும்பினார். நான் எழுதி முடித்து வெளியே வந்தபோது, கன்றிச் சிவந்த உள்ளங்கையை ஊதிக்கொண்டிருந்தார். அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பயத்தில் வணக்கம் மட்டும் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.