கட்டி உறிஞ்சும் பரியாரி

எழுபத்துநாலாம் ஆண்டு கிண்ணியாத் துறையில் இரண்டு வரிசைகள் நீண்டன. ஒன்று அப்போது தட்டுப்பாடாக இருந்த பாண் ரொட்டிக்கு, மற்றது குழல் பரியாரி என்ற நாட்டு வைத்தியருக்கு. பாண் வரிசையில் அடிதடி நடக்கும், பாண் முடிந்துபோகுமே! பரியாரியிடம் அற்புதம் முடிவதேயில்லை. ஆகையால் அந்த வரிசையில் எல்லாரும் வெகு பக்தியாக, ஆளுக்கொரு சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்கள். சேவல்தான் காணிக்கை.

பரியாரி எந்த ஊர், என்ன வேதம், ஒருவருக்கும் தெரியாது. கழுத்தில் சிலுவை, புயத்தில் தாயத்து, நெற்றியில் நீறு. ஏமாற்றுவதில் சாதி மதம் பார்க்காத மகான். பித்தளைக் குழலின் ஒரு முனையை நோயாளியின் தொப்புளில் வைப்பார். மறுமுனையை வாயில் வைத்து மூச்சுமுட்ட உறிஞ்சுவார். பிறகு கோப்பையில் 'ளொட்' என்று துப்புவார். முடி சுற்றிய, ரத்தம் வடிகிற சதைக்கட்டி! "கத்தியில்ல, தையலில்ல, நோவில்ல!" என்று அவருடைய கையாள் சரீப் நரைத்த தாடி குலுங்கக் கூவுவார். மூளையும் தேவையில்லை என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

அபூதாஹிருக்குப் பாதையில் வேலை. வாகனங்களையும் சனங்களையும் ஏற்றிக்கொண்டு நீரைக் கடக்கும் தட்டைப் படகை அங்கே பாதை என்பார்கள். அதில் வருகிறவன் போகிறவன் சொன்ன அற்புதமெல்லாம் பொழுதுபட அவனோடு வீட்டுக்கு வரும். வீட்டில் மனைவி ஸல்ஹா நாலு மாதமாக வயிற்று நோவோடு கிடந்தாள். மலம் கறுத்துப் போனது. எழும்பினால் தலை சுற்றியது.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் வெள்ளை மாவைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்துப் படம் பிடித்தார்கள். "இரைப்பையின்ர தசையில ஒரு கட்டி. அபூர்வமா வாறது," என்றார் டாக்டர். "அதிலயிருந்துதான் ரத்தம் கசியுது. வெட்டி எடுத்தால் சுகம் வரும். நாள் கடத்தினால் ஒரு நாளைக்கு உள்ளுக்கு உடைஞ்சு ரத்தம் பாயும், பிறகு ஒண்டும் செய்ய ஏலாது. புதன்கிழமை வந்து படுங்கோ. புருஷன் கையெழுத்து வைக்க வேணும்."

வெட்டு என்ற சொல்லைக் கேட்டதும் அபூதாஹிருக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. கையெழுத்து வைக்காமலே கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

"டொக்டரே அபூர்வம் எண்டு சொல்லிட்டார். அபூர்வமான நோய்க்கு அபூர்வமான பரியாரிதான் வேணும், புள்ள."

"அபூர்வமான புருஷனும் எனக்குத்தான் வாய்ச்சிருக்கார்," என்றாள் ஸல்ஹா. "பக்கத்து வளவு லைலாக்கும் அவர்தானே கட்டி எடுத்தார்? எட்டாம் நாள் மௌத்தாப் போனாளே!"

"அது... பத்தியத்தில கத்தரிக்காய் திண்டிட்டாளாம்."

ஸல்ஹாவுக்கு ஆத்திரத்தில் கண் கலங்கியது. கடைசி மூன்று நாளும் லைலாவுக்கு ஒரு மிடறு தண்ணீர்கூட இறங்கவில்லை. பக்கத்தில் இருந்து பார்த்தவள் அவள். செத்தவள் தலையிலேயே பழியைப் போட்டுவிட்டார்கள்! இனித் தன் மௌத்துக்கும் ஒரு கத்தரிக்காய் தயாராக இருக்கும் என்று அவள் பயந்தாள். ஆனால் கையெழுத்து இவனிடம் அல்லவா இருக்கிறது?

"சரி, அவர் நம்மட வீட்டுக்கு வரட்டும்," என்றாள். "அவர் செய்யிறது பொய் எண்டு கண்டா, புதன்கிழமை நீங்க கையெழுத்து வைக்கோணும்."

"ஓம், வைக்கிறன். அவரட்ட பொய்யே கிடையாது."

"உறிஞ்ச முந்தி அவர் கதைக்க மாட்டாராமே?"

"மாட்டார். வாய் திறந்தா கட்டி அவருக்கே ஏறிடுமாம்."

"மத்த நேரம்?"

"பாதையில வரக்குள்ள வெத்திலை சப்பிச் சப்பி ஓயாமக் கதைப்பார்!"

"அப்ப நல்ல வெத்திலையா வாங்கிட்டு வாங்க," என்றாள் ஸல்ஹா.

செவ்வாய்க்கிழமை காலையில் வளவு நிறையச் சனம். பரியாரி வந்ததும் வேலிக்குப் பின்னால் போய்த் 'தனி வணக்கம்' செய்துவிட்டுத் திரும்பினார். வாய் இறுக மூடியிருந்தது. ஒரு கன்னம் சற்றே உப்பியிருந்தது. தெய்வகடாட்சம் என்று சனம் கும்பிட்டது.

பாயில் கிடந்த ஸல்ஹா மெல்ல எழும்பி உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த வட்டாவை, வெற்றிலை பாக்கு அடுக்கிய பித்தளைத் தட்டத்தை, இரண்டு கையாலும் நீட்டினாள். கிண்ணியாவில் வீட்டுக்கு வந்தவர் வெற்றிலை எடுக்காமல் வட்டாவைத் தட்டினால் அந்த வீட்டோடு உறவில்லை என்று அர்த்தம். இதனால் முறிந்த கலியாணங்கள் உண்டு.

"எடுங்க, பரியாரியார்."

பரியாரி தலையை ஆட்டினார்.

"மௌனம்! மௌனம்!" என்று சரீப் பாய்ந்து வந்தார்.

"கதைக்கச் சொல்லல்லையே. வாயில போடத்தானே சொன்னன்?"

சனம் முணுமுணுத்தது. அபூதாஹிரின் முகம் கறுத்தது. "நாங்க என்ன குறைஞ்ச ஆக்களா? என்ர வீட்டு வட்டாவைத் தட்டினவர் என்ர பொஞ்சாதியத் தொட ஏலாது!"

டாக்டரின் படத்துக்கு அசையாத மனிதன் ஒரு வெற்றிலைக்கு அசைந்துவிட்டான். நம்மவர்களுக்கு மூளை தூங்கினாலும் மானம் தூங்காது.

வேறு வழியில்லை. பரியாரி ஒரு வெற்றிலையைச் சிறிதாகச் சுருட்டி மற்றக் கன்னத்தில் ஒதுக்கினார். வெற்றிலை சும்மா இருக்குமா? வாயில் நீர் ஊறியது. துப்ப முடியாது, விழுங்கவும் பயம். மகானின் கண் பிதுங்கியது. மூக்கு விடைத்தது. ஒரு இருமல் வந்தது பாருங்கள்! 'ளொட்' என்று வட்டாவிலேயே விழுந்தது முடி சுற்றிய கட்டி.

சனம் வட்டாவைச் சுற்றிக் குவிந்தது.

"பரியாரியார், குழல் இன்னும் என்ர வயித்தில படல்ல," என்றாள் ஸல்ஹா. "இது ஆர்ட வயித்துக் கட்டி?"

முதல் நாள்தான் சேவல் கொடுத்திருந்த றுக்கியா முன்னுக்கு வந்தாள். குனிந்து முடியை விலக்கிப் பார்த்தாள். "அடி உம்மா! இது கோழிட இரைப்பையெல்லோ!"

வாரத்துக்கு ஒரு கோழி துப்புரவாக்குகிற கை அவளுடையது. அங்கே நின்ற பெண்கள் எல்லாருடைய கையும் அப்படித்தான். ஆனால் இத்தனை மாதமும் பக்தியில் கண்ணை மூடிக்கொண்டு, தங்கள் சேவலின் இரைப்பையைத் தாங்களே தொட்டுக் கும்பிட்டிருக்கிறார்கள்.

சரீப்தான் முதலில் வேலி பாய்ந்தார். குழலை எறிந்துவிட்டு மகானும் பாய்ந்தார். இருவரும் துறைக்கு ஓடியும் பாதை கிடைக்கவில்லை. பாதைக்காரன்தான் விறகுக்கட்டையோடு பின்னால் ஓடி வருகிறானே! மிச்சத்தைப் பொலிஸ் பார்த்துக்கொண்டது.

புதன்கிழமை அபூதாஹிர் கையெழுத்து வைத்தான். இரண்டு மணி நேரம் ஆஸ்பத்திரி விறாந்தையில் அழுதுகொண்டு நின்றான். பின்னேரம் ஸல்ஹா கண் விழித்தாள். அவள் கட்டிலருகே டாக்டர் ஒரு போத்தலைக் கொண்டுவந்து காட்டினார். எலுமிச்சங்காய் அளவில் உருண்டையான கட்டி உள்ளே மிதந்தது. "முழுசா எடுத்தாச்சு. இதைக் கொழும்புக்குச் சோதனைக்கு அனுப்புறன்," என்றார்.

அபூதாஹிர் போத்தலைப் பார்த்தான். டாக்டரைப் பார்த்தான். மறுபடியும் போத்தலைப் பார்த்தான்.

"குறை நினைக்காதீங்க, டொக்டர். உங்கட வாயை ஒருக்காத் திறந்து காட்டுவீங்களா?"

தையல் இழுக்க இழுக்க ஸல்ஹா சிரித்தாள். "இந்தக் கேள்விய முந்தியே கேட்டிருந்தா லைலாவும் இருந்திருப்பாளே, மனிசா!" என்றவள் அப்படியே அழுதுவிட்டாள்.

டாக்டர் கோபிக்கவில்லை. சூத்தைப்பல் இரண்டு தெரிய, ஆவென்று வாயைத் திறந்து காட்டினார்.

கேட்டவுடன் வாயைத் திறந்து காட்டுகிறவனிடம் உங்கள் வயிற்றைக் கொடுங்கள், ஐயா. கேள்வி கேட்காதே என்கிறவனுக்குச் சேவலின் ஒரு இறகைக்கூடக் கொடுக்காதீர்கள்.