கோழி முசேயின் நேர்ச்சைச் சேவல்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். நான் அதிகம் படித்தவன் அல்ல. நேர்ச்சை சமாசாரத்தைச் சிரிப்பாக எழுதினால் தெய்வக் குற்றமாகிவிடுமோ என்று பயம். அந்தோனியார் பொறுத்துக்கொள்வார் என்ற நம்பிக்கையில் இப்போது எழுதுகிறேன்.

பிரெஞ்சுக்காரர் ஆண்ட சைகோனில், நாலு கோழிக்குஞ்சுக்காக எதிர்வீட்டுக் குடும்பத்தையே திருத்திய மனிதர் அவர் ஒருவர்தான். காரைக்கால்காரர். சந்தையில் கடைவரி வசூலிக்கும் உத்தியோகம். எங்கள் முற்றத்துக்கு எதிர் அறையில் தனியாகக் குடியிருந்தார். பங்குச்சாமியார் உட்பட எல்லோருக்கும் அவர் கோழி முசே. பிரெஞ்சில் முசே என்றால் ஐயா.

ஒரு செவ்வாய்க்கிழமை, தலையில் இருக்கவேண்டிய தொப்பியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். உள்ளே குஞ்சுகள் கீச்சிட்டன.

“தங்கச்சி, இதுகள நீங்கதான் வளக்கணும்” என்றார் என் மனைவியிடம்.

“உங்க அறையிலயே வளக்கலாமேண்ணே?”

“ஒண்டி ஆளு வளத்தா ஏங்கிப் போயிடும்மா. குஞ்சுக்குக் குடும்பம் வேணும்.”

ஊரிலிருக்கும் அவர் மனைவி கப்பலேறி சைகோனுக்கு வந்து சேர்ந்தால் அந்தோனியாருக்கு ஒரு சேவல் கொடுப்பதாக நேர்ந்திருந்தார். அதற்குத்தான் இந்தக் குஞ்சுகள். அந்த அம்மாளுக்குக் கடலைக் கண்டால் நடுக்கம். கல்யாணமான நாளிலிருந்து ‘அடுத்த கப்பல்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம்.

குஞ்சுகள் வந்தன, எங்கள் நிம்மதி போயிற்று. விடிந்ததும் முசே வருவார். முதலில் குஞ்சுக் கூடைக்கு ‘பொன்சூர்’ என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்வார், அப்புறம்தான் எங்களுக்கு. என் பெண்பிள்ளைகள் நொய்யரிசி தூவினால், “அள்ளி வீசாதீங்கம்மா, மரியாதையா வைங்க” என்பார். ஒருநாள் மீன்குழம்பில் உப்பு அதிகம் என்று நான் கத்திவிட்டேன். ஜன்னலில் அவர் தலை முளைத்தது.

“குஞ்சுக முன்னால சண்டையா தம்பி? தங்கச்சிகிட்ட மன்னிப்புக் கேளுங்க.”

“அதுகளுக்கு என்னங்க புரியும்?”

“அந்தக் கறுப்பு உங்களையே பாக்குது.”

பார்த்தேன். நிஜமாகவே முறைத்துக்கொண்டிருந்தது. மன்னிப்புக் கேட்டேன்.

பக்கத்து வீட்டுக் கிழவி அந்த நாட்டு அன்னாமியக்காரி, கூழ் விற்பவள். கூடையைக் காட்டி, கழுத்தில் கையை இழுத்து, எப்போது சமைப்பீர்கள் என்று சைகையால் கேட்டாள். முசே பதறிப்போய்க் கூடைமேல் கைக்குட்டையைப் போட்டு மூடினார். “பெரியவங்க பேச்சை எல்லாம் சின்னதுக பாக்கக் கூடாது” என்றார்.

சாயந்தரம் செபமாலைக்குக் குஞ்சுகளும் வரவேண்டும். ஒருமுறை கறுப்புக்குஞ்சு அவர் தோளில் ஏறித் தூங்கிவிட்டது. பிரார்த்தனை முடிந்து, நாங்கள் சாப்பிட்டுப் பாய் விரிக்கும்வரை அவர் முழங்காலிலேயே இருந்தார். இறக்கிவிட மனசில்லை.

நாலில் அந்தக் கறுப்புதான் சேவலாகி நின்றது. கப்பல் வருகிறது, அம்மாளும் வருகிறார் என்று சேதி வந்ததும், முசே வெள்ளைக் கோட்டு மாட்டி, சேவலை அக்குளில் இடுக்கிக்கொண்டு துறைமுகத்துக்குப் போனார். இறங்கியதும் நேரே கோவிலுக்குப் போவதாக ஏற்பாடு. நானும் கூடப் போனேன்.

கடைசி ஆளும் இறங்கியாயிற்று. ஊர்க்காரர் ஒருவர் தயங்கித் தயங்கி வந்தார்.

“புதுச்சேரியில படகுல ஏறி, கப்பல் பக்கம் வரைக்கும் வந்துட்டாங்கண்ணே. ஏணி ஆடுனதப் பாத்துட்டு அதே படகுல திரும்பிட்டாங்க. இனிமே தன்னால ஆகாது, காத்திருக்க வேணாம்னு சொல்லச் சொன்னாங்க.”

முசே சேவலை மறு அக்குளுக்கு மாற்றிக்கொண்டார். “போன தடவ வீட்டு வாசப்படிய தாண்டல. இந்தத் தடவ ஏணி வரைக்கும் வந்திருக்கா தம்பி” என்றார். பெருமையாகத்தான் சொன்னார். சேவல் கூவியது. அதன் முதுகைத் தடவிக்கொண்டே வீடுவரை நடந்தார்.

வந்ததும் சேவலை என் மனைவியிடம் நீட்டினார். “இனி நேர்ச்சை இல்லம்மா. உங்க கோழி. உங்க இஷ்டம்.” எதிர் அறைக் கதவு சாத்திக்கொண்டது.

அப்புறம் அவர் வரவில்லை. குழம்பைப் பற்றி நான் எவ்வளவு கத்தினாலும் கேட்க ஆளில்லை. கத்தவே பிடிக்கவில்லை. செபமாலையில் அவர் முழங்காலிட்ட இடத்தைப் பிள்ளைகள் காலியாகவே விட்டுவைத்தார்கள். சேவலை அறுக்க யாருக்கும் கை வரவில்லை.

ஒருநாள் என் மனைவி சோலோன் சந்தைக்குப் போய், ஒரு கூடை குஞ்சுகளோடு திரும்பினாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எதிர் அறைக் கதவைத் தட்டினாள்.

“அண்ணே, நேத்தும் இவரு சண்டை போட்டாரு. குஞ்சுகளெல்லாம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. எனக்கு ஒண்ணும் ஓடல, நீங்க வந்து என்னான்னு கேளுங்க.”

கதவு திறந்தது. முசே தொப்பியோடு விடுவிடுவென்று வந்து, அரைமணி நேரம் என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். உண்மையில் முந்தினநாள் நான் வாயே திறக்கவில்லை. தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். அந்தப் பொய்யை என் மனைவி சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னாளா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. அன்று அவர் எங்களோடு சாப்பிட்டார். அதற்குப் பிறகு தினமும்.

இதைப் படித்தவர்கள் நாலுபேரிடம் சொல்லுங்கள். ஆனால் உள்ளபடியே சொல்லுங்கள். கேட்டவர்களில் சிலர் மனசு பொறுக்காமல், அடுத்த கப்பலில் அந்த அம்மாள் வந்துவிட்டதாகச் சேர்த்துவிடுகிறார்கள். அவர் வரவில்லை. எங்கள் முசேக்கு நாங்கள்தான் இருந்தோம்.