வறுத்த வெந்தயமும் வாழைநாரும்

பிள்ளைகளுக்கு நல்ல பழக்கம் கற்றுக்கொடுக்கக் கிளம்பும் தகப்பனைச் சமையலறைப் பக்கம் விடக்கூடாது. பட்டவன் சொல்கிறேன்.

என் மகள் யாழினிக்கு அப்போது நான்கு வயது. பச்சையாக எதைத் தட்டில் வைத்தாலும் வாயைப் பூட்டிக்கொள்வாள். (பச்சை நிற மிட்டாயைக்கூடச் சந்தேகத்தில் திருப்பிக் கொடுத்திருக்கிறாள்.) கெஞ்சிக் கூத்தாடியதில் ஒரு நிபந்தனைக்கு வந்தாள்: தானே வளர்த்த கீரை என்றால் சாப்பிடுவாளாம்.

நான் ஒரு தொட்டியோடு நின்றிருக்கலாம். மயிலாப்பூரில் அவள் படித்த மழலையர் பள்ளிக்குப் போய், வகுப்புக்கே தோட்டம் போடக் கற்றுத் தருகிறேன், பதினைந்தாம் நாள் பெற்றோர் முன்னிலையில் அறுவடை, அங்கேயே சமையல் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். விதைக்கு எங்கே போவது? வீட்டு டப்பாவில் வெந்தயம் இருந்தது.

பன்னிரண்டு பிள்ளைகள் பன்னிரண்டு தொட்டிகளுக்குப் பக்தியோடு தண்ணீர் ஊற்றினார்கள். கொசு வந்தது. முளை வரவில்லை. பதினான்காம் நாள் மனைவியிடம் புலம்பினேன். எந்த டப்பா என்று கேட்டாள். காட்டினேன்.

"அது பொடிக்கு வறுத்து வச்சதுங்க."

(தோட்டக்கலை பற்றி நான்கு புத்தகம் படித்திருந்தேன். ஒன்றிலும் இந்த எச்சரிக்கை இல்லை.)

மறுநாள் காலை மாட வீதியில் வேரோடு பன்னிரண்டு கட்டு வெந்தயக்கீரை வாங்கி, பிள்ளைகள் வருமுன் தொட்டிக்கு ஒன்றாகப் புதைத்தேன். அவசரத்தில் கட்டைப் பிரிக்கத் தோன்றவில்லை.

பெற்றோர் கூடினார்கள். யாழினி இழுத்தாள். மொத்தமாகக் கையோடு வந்தது.

"அப்பா, என் செடிக்கு ஏன் நார் கட்டியிருக்கு?"

காற்றில் சாயாமலிருக்க என்றேன். ஒரு தகப்பனார் அதைக் கைபேசியில் குறித்துக்கொண்டார். அப்போதுதான் பின்வரிசையிலிருந்து, அதே வகுப்பில் படிக்கும் பிரவீனின் அம்மா எழுந்தார். அந்த முகத்தை அன்று காலைதான் கீரைக் கூடைக்குப் பின்னால் பார்த்திருந்தேன்.

"இன்னா சார், இது நான் கட்ன கட்டாச்சே. இத்தினி வாங்கிக்கினு போறாரே, வூட்ல விசேஷம் போலன்னு நெனச்சேன்."

யாழினி என்னையும் கீரையையும் மாறி மாறிப் பார்த்தாள். வாய் பூட்டிக்கொண்டது. மற்ற பிள்ளைகள் கூட்டு சாப்பிட்டார்கள். அவள் சாப்பிடவில்லை.

அடுத்த வாரம் பிரவீனின் அம்மா வறுக்காத விதை கொண்டுவந்து தூவினார். மூன்றாம் நாளே முளைத்தது. வளர்ந்ததை அவர் கையால் யாழினி இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். எனக்குத் தண்ணீர் தூக்க மட்டும் அனுமதி இருந்தது.

இப்போது அவள் பிளஸ் டூ. நானே எழுதிய கதை என்று எதைக் காட்டினாலும் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நிதானமாகக் கேட்கிறாள்:

"நார அவுத்துட்டியாப்பா?"