ஸ்டாண்டு போட்ட அடுப்பு

வடக்குப்பட்டு

அன்புள்ள மாப்பிள்ளை ராஜசேகர் அவர்களுக்கு,

மாமனார் கோதண்டராமன் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். உங்கள் அத்தையும், வலது கையில் இரண்டு விரல் நீங்கலாக, நலம். ஃபோனில் சொல்லலாம்தான், பக்கத்திலேயே அவள் இருப்பதால் எழுதுகிறேன்.

நீங்கள் ஆசையாக வாங்கித் தந்த சோலார் அடுப்பு அருமையான சாமான். வெயிலை உள்ளே அடிக்கத் திறந்தே நிற்க வேண்டிய, கண்ணாடி பதித்த மூடியைத் தாங்கும் கம்பிதான் நோஞ்சான். ஆடி பிறக்கும் முன்பே கிளம்பிவிட்ட காற்றில் அது நழுவி, மூடி உங்கள் அத்தை கனகத்தின் கைமேல் விழுந்தது. "இந்தப் பொட்டி வூட்ல கீற வரிக்கும் நான் எதையும் ஆக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். அடுத்த வாரம் உங்களுக்குத் தலை ஆடி விருந்து. எனக்கோ வெந்நீர்கூட வைக்கத் தெரியாது. ஆனாலும் ஒரகடத்தில் காருக்கு டிக்கிக் கதவு மாட்டும் லைனில் சூப்பர்வைசராக இருந்தவன், ஒரு மூடியை நிறுத்த மாட்டேனா என்று இறங்கினேன். வாலாஜாபாத் பழைய இரும்புக் கடையில் டிக்கியைத் தூக்கும் கேஸ் கம்பி வாங்கி மாட்டினேன். திறந்த மூடி சாயங்காலம் மூட மறுத்தது. மேலே ஏறி உட்கார்ந்து மூடினேன். நான் இறங்கியதும் அது எழுந்த வேகத்தில் என் மூக்குக் கண்ணாடி பக்கத்து வீட்டு லீலாவின் துணிக்கொடியில் போய்த் தொங்கியது.

அடுத்து, என் பழைய பைக்கின் சைடு ஸ்டாண்டைக் கழற்றி மூடிக்குக் காலாகப் பொருத்தினேன். உண்மையிலேயே நன்றாக நின்றது, மாப்பிள்ளை. ஆனால் இறங்கியிருக்கும் ஸ்டாண்டைப் பார்த்துவிட்டு நம் ஊரில் யார் சும்மா போகிறார்கள்? கேட்டைத் தாண்டிப் போனவர்களெல்லாம் 'ஸ்டாண்டு, ஸ்டாண்டு' என்று எச்சரித்தார்கள். மாடியில் வாடகைக்கு இருக்கும் திருநெல்வேலிக்காரர் இசக்கிபாண்டி, நைட் ஷிஃப்டு முடிந்து தூக்கக் கலக்கத்தில் வந்தவர், காலாலேயே தட்டி மடக்கிவிட்டார். மூடி படாரென்று இறங்கியது. சோதனைக்கு நான் வைத்த அரிசி அன்று மத்தியானம் வரை அரிசியாகவே இருந்தது.

"ஸ்டாண்டு போட்டபடியே கெடந்துச்சு அண்ணாச்சி. போற வழியில விழுந்துரப்பிடாதுன்னு எடுத்துவிட்டேன்" என்றார். அடுப்பு எங்கே போகும் என்று நான் கேட்கவில்லை, நன்றி சொன்னேன்.

ஆகவே, தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். விருந்துக்கு முன்னால் ஒருநாள் ஆட்டோவுடன் வந்து பெட்டியை எடுத்துப் போய்விடுங்கள். அப்போதுதான் உங்கள் இலையில் சோறு விழும். தென்றலிடம் சொல்ல வேண்டாம். என் மகள் அவள் அம்மா பக்கம்தான் பேசுவாள்.

உங்கள் இருவருக்கும் எல்லாம் கூடி வரட்டும். உங்கள் வீட்டில் திறந்தது திறந்தபடியே நிற்கட்டும்.

இப்படிக்கு,
கோதண்டராமன்

பி.கு.: ஒட்டிவிட்ட உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். ஆட்டோ வேண்டாம். வாசலில் அடுப்பு திறந்திருக்கிறது. உள்ளே பாயசம் வேகிறது. 'சிறந்த மேம்பாட்டாளர்' என்று கம்பெனியில் எனக்குக் கொடுத்த கேடயத்தைக் கனகம் மூடிக்கு முட்டாகக் கொடுத்திருக்கிறாள். காற்று எவ்வளவு அடித்தும் அசையவில்லை. "இத்தினி வருசமா ஷோகேஸ்ல சும்மாதான கெடந்துது" என்கிறாள். நேரே விருந்துக்கு வாருங்கள். கேடயத்தைக் காட்டச் சொல்லி மட்டும் கேட்காதீர்கள். பாயசம் ஆகும்வரை அதை எடுக்க முடியாது.