முள் நடுவில் நிற்கவில்லை, மாப்பிள்ளை

அன்புமிக்க மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அத்தையும் உடம்பால் நலம். அங்கே நீங்களும் என் மகளும் நலமா, புது வீட்டு மாடிப்படி அவள் முழங்காலுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று அறிய ஆவல். ‘உடம்பால்’ என்று எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். மற்றபடி எப்படி என்பதற்குத்தான் இந்தக் கடிதம்.

மூன்று மாதத்துக்கு முன் இப்போதைய சிறிய வீட்டுக்குக் குடிபோனபோது, “கொஞ்ச நாள் இங்கயே இருக்கட்டும் மாமா” என்று ஒரு பழைய ரேடியோ டியூனரை என் கையில் கொடுத்துவிட்டுப் போனீர்கள். வெள்ளி முகம், மரப்பெட்டி, கைக்குழந்தை கனம். அன்று மாலையே மின் இணைப்புக் கொடுத்தேன். மஞ்சள் விளக்கு எரிந்தது, முள் ஆடியது, சத்தம் மட்டும் வரவில்லை. இரண்டு நாள் தட்டினேன், திட்டினேன், உங்களையும் கொஞ்சம் திட்டினேன். மூன்றாம் நாள் இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருமுனை ரேடியோ மெக்கானிக்கிடம் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: “சார், இது வெறும் காது. வாய் தனியா வைக்கணும்.” ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஸ்பீக்கரும் வேண்டுமாம். தன்னிடம் சும்மா கிடந்ததை அவரே கொண்டுவந்து வைத்தார். ஸ்பீக்கர்கள் வந்ததும் சாப்பாட்டு மேசை சமையலறைக்குப் போனது. இப்போது சாப்பிடுகிறவர் எழுந்தால்தான் சமைக்கிறவர் திரும்ப முடியும்.

அடுத்து ஏரியல். T எழுத்து மாதிரி ஒரு வயர், அதைச் சுவரில் விரித்து ஒட்ட வேண்டும். வீடு முழுக்க ஒட்டிப் பார்த்ததில், உங்கள் கல்யாணப் படம் மாட்டியிருந்த இடத்தில்தான் நிலையங்கள் வரிசையாக வந்து நின்றன. படம் இப்போது அலமாரிக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது. தப்பாக நினைக்க வேண்டாம். நீங்கள் இருந்த இடம் அப்படி ராசியான இடம்.

குறை சொல்லத்தான் உட்கார்ந்தேன், ஆனால் இதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தக் குமிழை விரலால் ஒரு தள்ளுத் தள்ளிவிட்டுக் கையை எடுத்தால் அது தானாகவே வழுக்கிக்கொண்டு போய், அவசரமே இல்லாமல் நிற்கிறதே, அதற்காகவே நாலு முறை தள்ளலாம். இரைச்சல் சன்னமாகிச் சன்னமாகி, திடீரென்று ஒரு பெண் குரல் நம் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்த மாதிரி வந்துவிடுகிறது. செய்தி வாசிக்கிறவர் தாளைப் புரட்டுவது கேட்கிறது. நேற்று முன்தினம் அவர் எச்சில் விழுங்கியதுகூடக் கேட்டது. மனிதருக்குத் தொண்டை சரியில்லை போலிருக்கிறது என்று எனக்கு ஒரே கவலை.

வினை எங்கே வந்ததென்றால், அந்த முள்ளில். நிலையம் சரியாகப் பிடிபட்டால் முள் நட்ட நடுவில் நிற்க வேண்டும். நான் யார்? முப்பத்திரண்டு வருஷம் கடை கடையாகப் போய்த் தராசைச் சோதித்து முத்திரை குத்தினவன். முள் ஒரு மயிரிழை சாய்ந்திருந்தாலும் எனக்குச் சோறு இறங்காது. இந்த டியூனரோ பழசு. சூடேறும் வரை அரைமணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாக நழுவும். சாயங்காலம் ஐந்து மணிக்கு உங்கள் அத்தைக்குப் பிடித்த பாட்டுகள் போடுவார்கள். ஒவ்வொரு பாட்டிலும் சரணம் வரும்போது நான் எழுந்து போய் முள்ளைத் திருத்துவேன். நான் கிட்டே போனால் அது ஒரு பக்கம் சாயும், திரும்பி வந்தால் மறுபக்கம் சாயும். இப்படியே பாட்டு முடிந்துவிடும்.

ஒருநாள் ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்தேன். உங்கள் அத்தை ஜன்னல் ஓரப் பிரம்பு நாற்காலியில், இடது முழங்கையைக் கம்பியில் ஊன்றி உட்கார்ந்தால் முள் அப்படியே நடுவில் நிற்கிறது. எழுந்து அடுப்படிக்குப் போனால் இரைகிறது. ஆகவே, அப்படியே உட்காரு, கையை எடுக்காதே, தும்மல் வந்தால் பாட்டு முடிந்ததும் தும்மிக்கொள் என்று தயவாகத்தான் சொன்னேன். மூன்று நாள் உட்கார்ந்தாள். நாலாம் நாள் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்: “நான் உங்களுக்குப் பொண்டாட்டியா, ஏரியலா?”

உடனே பதில் சொல்லியிருக்க வேண்டும். நான் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

அன்றிலிருந்து நாலு நாளாகப் பேச்சுவார்த்தை இல்லை. எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் சுவரிடம் சொல்கிறாள். “சாப்பாடு ஆறுதுன்னு யாராவது சொன்னா தேவல.” சுவர் சொல்லவில்லை, நானே போய்ச் சாப்பிட்டேன். கல்யாணமாகி நாற்பது வருஷத்தில் நாங்கள் சண்டை போடாத நாள் குறைவு. பேசாத நாள் இந்த நாலுதான் மாப்பிள்ளை. ஐந்து மணிக்கு டியூனரைப் போட்டு, அவள் நாற்காலியில் நானே முழங்கையை ஊன்றி உட்கார்கிறேன். முள் நடுவில்தான் நிற்கிறது. என்ன பாடினார்கள் என்றால் எனக்குத் தெரியாது.

ஆகையால் வருகிற ஞாயிறு ஒரு வண்டி எடுத்துக்கொண்டு வந்து, உங்கள் பெட்டியைத் தயவுசெய்து கொண்டுபோய்விடுங்கள். மெக்கானிக் தான் வைத்துக்கொள்வதாகச் சொன்னார். எனக்குத்தான் கொடுக்க மனசு வரவில்லை. கொண்டுபோகும்போது நான் வீட்டில் இருக்க மாட்டேன், வெளியே வேலை இருக்கும்.

மகளுக்கு என் ஆசி. நீங்கள் இருவரும் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டு நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உங்கள் நலம் நாடும்
மாமா

பின்குறிப்பு: கடித உறை வாங்கக் கடைக்குப் போய்த் திரும்பினேன். மாடிப்படியிலேயே பாட்டுக் கேட்டது. நான் மூன்று மாதமாகத் துழாவியும் அகப்படாத நிலையம். உங்கள் அத்தை தானே குமிழைத் திருப்பிப் பிடித்துவிட்டு, துணி மடித்தபடி குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தாள். முள் ஓரமாகச் சாய்ந்து கிடந்தது. வேலையில் இருந்த காலமாக இருந்தால் அந்தத் தராசைப் பறிமுதல் செய்திருப்பேன். வாயைத் திறந்தேன். “உக்காருங்க. முழுசா ஒரு பாட்டு கேட்டுப் பாருங்க” என்றாள். சுவரிடம் இல்லை, என்னிடம். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நல்ல பாட்டு மாப்பிள்ளை. கொஞ்சம் இரைச்சல் இருந்தது, இருந்துவிட்டுப் போகட்டும். ஞாயிறு வண்டி வேண்டாம், மகளோடு ஐந்து மணிக்குள் வந்துவிடுங்கள். உறையில் விலாசம் எழுதிவிட்டதால் இதை அனுப்புகிறேன். மேலே உள்ளதைப் படிக்க வேண்டாம்.