பாயர்மாவின் ஹூஷூரும் உங்கள் தம்பியும்

இன்டர்லாக்கன், சுவிஸ்,
யூலை மாதம்.

பாசத்துக்குரிய பெரியக்கா மரியகொறற்றிக்கு, மடு மாதா காவலில் சுகமாயிருக்கும் தம்பி செபஸ்ரியன் வணக்கத்துடன் எழுதுவது. என் பெண்சாதி யூஜினியும் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி? வலித்தாலும் பரவாயில்லை, இனி நீங்கள் மன்னார் முழுக்கத் தலைநிமிர்ந்து நடக்கலாம்.

நான் வேலை செய்யும் ஹோட்டல் குசினியில் சமைக்கும் பாயர்மா மங்கோலியாக்காரி. அவர்களுக்கு யூலையில் நாதம் என்றொரு பெருவிழா. பெயரைக் கேட்டுக் கச்சேரி என்று நினைக்காதீர்கள். மல்யுத்தம், குதிரையோட்டம், வில்வித்தை. அன்றைக்கு ஹூஷூர் இல்லாமல் முடியாது. கொத்திய ஆட்டிறைச்சியும் வெங்காயமும் உப்பும் வைத்து, மாவைப் பிறைபோல மடித்துப் பொரிப்பது. எங்கள் பற்றிஸுக்கு அண்ணன் முறை. மந்தையோடு இடம் மாறித் திரிந்த சனத்தின் சாப்பாடு, மரக்கறிக்கு எங்கே போவது? இறைச்சிதான் கூடவே நடந்து வரும். விழாவுக்கு முதல்நாள் பாயர்மா சறுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டாள். "செபஸ்ரியன், என்ர சனம் எல்லாம் வருது, நீதான் காப்பாத்தவேணும்" என்று அழுதாள். கோப்பை கழுவுகிற நான் "ஓம், செய்யிறன்" என்றுவிட்டேன். விழா நடந்த ஏரிக்கரையில் எண்ணெய்த் தாச்சி வைத்தேன். யூஜினியும் துணைக்கு வந்தாள். முதல் தாச்சியில் எல்லாம் வாய் பிளந்து இறைச்சி தனியாக மிதந்தது. அடுத்தது பொன்னிறம், அக்கா, பொன்னிறம்! நீல அங்கி போட்ட முதியவர் ஒருவர், பழைய மல்யுத்த வீரராம், இரண்டை வாங்கினார். கடிக்கவில்லை. உள்ளங்கைகளுக்குள் வைத்து அமத்தினார். எனக்குக் கோபம் ஏறிவிட்டது. "எண்ணெய் கூடிப்போச்செண்டால் வாயால சொல்லுங்கோ, பிழியாதேங்கோ!" என்று கரண்டியோடு பாய்ந்தேன். பாயர்மா நல்ல கையால் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "விசரா, அது எங்கட வழக்கம்! சூட்டோட கையில பிடிச்சால் நரம்புக்கு நல்லதெண்டு சொல்லுவினம்." அவர் பிறகு கடித்தார், கண்ணை மூடினார், அவளிடம் ஏதோ கேட்டார்.

"எங்கட எந்த மாகாணத்துக் கைப்பக்குவம் எண்டு கேக்கிறார்."

"மன்னார் எண்டு சொல்லு!"

சொன்னாள். முதியவர் தலையாட்டினார்: "கேள்விப்பட்டிருக்கிறன். நல்ல ஆடுகள்."

அக்கா, அவருக்கு இன்னும் இரண்டு எடுத்துக் கொடுத்தேன். அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. கர்த்தர் உங்கள் வீட்டை நிறைவாக வைத்திருக்கட்டும்.

தம்பி செபஸ்ரியன்.

பி.கு.: யூஜினி வாசித்துவிட்டாள். அவள் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல இதை எழுதுகிறேன். மாக் குழைத்ததும் மடித்ததும் பொரித்ததும் அவள். வாய் பிளந்த முதல் தாச்சி மட்டும் என்னுடையது. மேலும், அவள் மன்னார் இல்லையாம், யாழ்ப்பாணத்துப் பாசையூராம். அங்கே ஆடில்லை, மீன்தானாம்.