ஓரக்குறிப்பு சாரின் பென்சில்

திருச்சியில் அச்சடித்த எதையும் கடைசி வரி வரை படித்த ஒரே ஆள் எங்கள் ஓரக்குறிப்பு சார்தான். மற்ற நாங்களெல்லாம் கையெழுத்துப் போடக் கற்றவர்கள், அவ்வளவே.

கே.கே. நகரில் எங்கள் பழைய அடுக்குமாடிக் குடியிருப்பில் கீழ்வீடு அவருடையது. காதில் பென்சில் இல்லாமல் அவரைப் பார்த்தவர் கிடையாது. பேப்பரோ மாத்திரைச் சீட்டோ, கோடு போட்டு ஓரத்தில் ஏதாவது எழுதினால்தான் அவருக்குப் படித்ததாகக் கணக்கு. ஸ்ரீரங்கத்திலிருந்து என் மைத்துனர் வந்து, மகள் கல்யாணத்துக்குச் சாருக்கும் பத்திரிகை வைத்தார். "சுற்றமும் நட்பும் சூழ" என்ற வரிக்கு அடியில் சார் கோடிழுத்து, ஓரத்தில் "உண்மையா?" என்று எழுதி, மஞ்சள் தடவிய பத்திரிகையை அங்கேயே திருப்பிக் கொடுத்தார். மைத்துனருக்கும் அவர் தம்பிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அது இவருக்கு எப்படித்தான் தெரிந்ததோ, மைத்துனர் இன்றுவரை என்னைத்தான் முறைக்கிறார்.

பிறகு பில்டர் வந்தார். பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டித் தருவாராம். ஒப்பந்தம் தலையணை கனத்துக்கு இருந்தது. கையெழுத்துக்குக் குறித்த நாள் வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம். கார் நிறுத்துமிடத்தில் நாற்காலி போட்டு, கேசரிகூட வந்துவிட்டது. எல்லோரும் போட்டாயிற்று. சார் மட்டும் பென்சிலோடு பக்கம் புரட்டிக்கொண்டிருந்தார்.

"எப்ப முடிச்சுத் தருவீங்கன்னு இதுல எங்கயுமே இல்லையே?"

"அதெல்லாம் சீக்கிரம் முடிஞ்சிரும் சார்" என்றார் பில்டர்.

"அந்தச் சீக்கிரம் எந்தப் பக்கத்துல இருக்கு?"

சங்கச் செயலாளர் கல்யாணியம்மா கடிகாரத்தைப் பார்த்தார். "சார், ராகு காலம் வந்துரும். அபசகுனமா பேசாம போட்டுக் குடுங்க. உங்க ஒருத்தரால எல்லாருக்கும் வீடு போயிடும்."

நாங்கள் அத்தனை பேரும் அவரையே பார்த்தோம். சார் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறியும் போட்டார். பில்டரின் ஆள் அதை ரப்பரால் பதமாக அழித்துவிட்டு, எங்களுக்குக் கேசரி கொடுத்தான்.

இப்போது அங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. ராகு காலம் தீண்டாத பள்ளம். மழை பெய்தால் தவளை கத்துகிறது. "தேதியே இல்லாம யாராவது கையெழுத்துப் போடுவாங்களா?" என்று வக்கீல் சிரிக்கிறார். பட்டம் வாங்கிய நாங்கள் வாடகை வீடுகளில் சிதறிக் கிடக்கிறோம்.

சார் ஜீயபுரத்தில் மகன் வீட்டில் இருந்தார். போய்ப் பார்த்தேன். அப்பவே சொன்னேனே என்று ஒரு வார்த்தை வரவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"சொந்த வீட்டுக்குப் போயிட்டுத்தான் கண்ண மூடணும்னு பாக்கறேன்" என்றார். "அதுக்கும் தேதி போடலையே."

போன மாதம் அவருடைய பதினாறாம் நாள் காரியப் பத்திரிகை வந்தது. "ஈடுசெய்ய முடியாத இழப்பு" என்று அச்சடித்திருந்தார்கள். அவராக இருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டார். பென்சில் தேடி எடுத்துக் கோடிழுத்து, ஓரத்தில் அவருக்காக "யாருக்கு?" என்று எழுதினேன்.

அதன் கீழே, "எனக்கு, சார்."